சாட்சி: சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு சபையின் ஜெபக்கூட்டத்துக்குப் போனால், பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் போதகர் கேட்பார்: "யாராவது சாட்சி சொல்றீங்களா?" ஒருவர் எழுந்து, கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததைச் சொல்வார். குடியை விட்டது, பிள்ளையின் காய்ச்சல் இறங்கியது, பேசாமல் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்தது, இப்படி ஏதாவது ஒன்று. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் இந்தப் பகுதி நீண்டுகொண்டே போகும். சபைக்கு வெளியே, ரயிலில் எதிரே இருப்பவரிடமோ கூட வேலை செய்பவரிடமோ தன் நம்பிக்கையைப் பற்றி ஒருவர் பேசினாலும் அதற்கும் சாட்சி என்றுதான் பெயர்.

நீதிமன்றத்தில் புழங்கும் சொல் ஜெபக்கூட்டத்துக்கு எப்படி வந்தது? அதற்கு நல்ல தமிழ்ச் சொல் எது? முதலில் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம்.

சாட்சி என்பது வடமொழியின் ஸாக்ஷி. உள்ளே இருப்பது அக்ஷி, அதாவது கண். கண்ணோடு இருந்தவர், கண்ணால் பார்த்தவர் என்பது பொருள். சாட்சாத் என்ற சொல்லோடு சேர்த்து, நேரில் பார்த்தவருக்கான பெயர் என்று பாணினி இதற்கு இலக்கணம் சொல்கிறார். "சாட்சாத் அவரேதான்" என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அதே சாட்சாத். பக்ஷி பட்சியானது போலவும் லக்ஷ்மி லட்சுமியானது போலவும் ஸாக்ஷி தமிழில் சாட்சி ஆயிற்று.

வந்த சொல் நன்றாகவே வேரூன்றிவிட்டது. மனச்சாட்சி, பொய்ச்சாட்சி, கண்கண்ட சாட்சி எல்லாம் எல்லார் வாயிலும் உண்டு. "சாட்சிக்காரன் காலில் விழுவதைவிட சண்டைக்காரன் காலில் விழலாம்" என்ற பழமொழி ஊருக்கு ஊர் கேட்கும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருப்புறம்பயத்தில் சிவனுக்குப் பெயரே சாட்சிநாதர். ஒரு பெண்ணின் திருமணத்தை மெய்ப்பிக்க வன்னி மரமும் கிணறும் இலிங்கமும் மதுரைக்கு வந்து நின்றதாகத் திருவிளையாடல் கதை சொல்கிறது. ஆகவே கிறிஸ்தவர்கள் புதிதாக இறக்கிய சொல் அல்ல இது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொல்லை எடுத்துப் புதிய வேலை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தப் புதிய வேலை கிரேக்கத்திலிருந்து வருகிறது. புதிய ஏற்பாட்டில் இருக்கும் மூலச்சொல் மார்த்துஸ். சாட்சி சொல்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள், வழக்குமன்றத்திலும் அதே சொல்தான். அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு இன்னொருவரைத் தேடும்போது பேதுரு வைக்கும் தகுதியைப் பாருங்கள். யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள் தொடங்கிக் கூடவே இருந்தவராக இருக்க வேண்டும், உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியாக நிற்க வேண்டும். பேச்சுத்திறன் பற்றியோ படிப்பு பற்றியோ அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. கூட இருந்தாயா, பார்த்தாயா, அது போதும். சில அதிகாரம் தள்ளி, இயேசுவைப் பற்றிப் பேசக் கூடாது என்று யூதர்களின் ஆலோசனைச் சங்கம் மிரட்டும்போது பேதுருவும் யோவானும் சொல்லும் பதிலும் இதே வழியில்தான் போகிறது: "நாங்கள் கண்டவைகளையும் கேட்டவைகளையும் பேசாமலிருக்கக்கூடாதே."

பிறகு இந்தச் சொல்லில் இரத்தம் கலந்தது. முதல் சபையைச் சேர்ந்த ஸ்தேவான் நம்பிக்கைக்காகக் கல்லெறியப்பட்டுச் செத்ததை நினைத்துப் பவுல் ஜெபிக்கும்போது "உம்முடைய சாட்சியாகிய ஸ்தேவானுடைய இரத்தம்" என்கிறார். இங்கே மார்த்துஸ் இன்னும் சாட்சிதான், ஆனால் உயிரைக் கொடுத்த சாட்சி. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரத்து ஆயர் பொலிக்கார்ப்பு கொல்லப்பட்ட வரலாற்றை எழுதியவர்கள் நம்பிக்கைக்காகச் சாவதையே இந்தச் சொல்லால் குறித்தார்கள். ஐரோப்பிய மொழிகளில் மார்ட்டிர் என்று போனது இந்தப் பொருள்தான். அரபியிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஷஹாதா என்றால் சாட்சியம், ஷஹீத் என்றால் சாட்சி சொல்பவர், உயிர் கொடுத்தவருக்கும் அதே பெயர்.

ஐரோப்பிய மொழிகளில் இரண்டு பொருளும் இரண்டு சொல்லாகப் பிரிந்துவிட்டன. மார்ட்டிர் என்று கேட்டால் சாட்சி என்ற நினைப்பே பலருக்கு வராது. தமிழில் அப்படி ஆகவில்லை. சீர்திருத்தச் சபையார், அதாவது புராட்டஸ்டண்டுகள், இரத்தசாட்சி என்றார்கள். கத்தோலிக்கர் வேதசாட்சி என்று சொல்லிவந்து இப்போது மறைசாட்சி என்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் சாட்சி உள்ளே அப்படியே இருக்கிறது. எனக்கு இது தமிழுக்குக் கிடைத்த பெரிய பேறாகவே படுகிறது. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையை 2022இல் ரோம் புனிதராக அறிவித்தது. அவர் மறைசாட்சி. ஜெபக்கூட்டத்தில் நடுங்கிய குரலில் இரண்டு நிமிடம் பேசி உட்காரும் அம்மா சொல்வதும் சாட்சி. ஒரே சொல் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

சரி, தன் சொந்த வாழ்க்கைக் கதையைச் சாட்சி என்று சொல்வது எப்போது தொடங்கியது? வித்து வேதத்திலேயே இருக்கிறது. கிறிஸ்தவர்களைப் பிடிக்கப் போன தான் தமஸ்கு வழியில் மனம் மாறியதைப் பவுல் தானே இரண்டு முறை சொல்கிறார், எருசலேமில் கூட்டத்தின் முன் ஒரு முறை, கட்டப்பட்ட நிலையில் அகிரிப்பா ராஜாவின் முன் ஒரு முறை. ஆனால் ஒவ்வொரு விசுவாசிக்கும் சொல்ல ஒரு கதை உண்டு, அதைச் சபையில் எழுந்து சொல்ல வேண்டும் என்ற வழக்கம் பெரும்பாலும் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் பக்தி இயக்கங்களால் பரவியது. ஜெர்மனியில் ஆலே நகரத்தைச் சுற்றி வளர்ந்த பியட்டிச இயக்கம் உள்ளத்தில் நேரும் மாற்றத்துக்கு முதலிடம் தந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்க் அந்த மரபில் வந்தவர். இங்கிலாந்தில் 1738 மே 24 அன்று ஜான் வெஸ்லி தன் உள்ளம் கனன்றதாகக் குறித்து வைத்தார். அவர் தொடங்கிய மெதடிஸ்ட் குழுக்களில் சாதாரண உழைப்பாளிகள் எழுந்து தங்கள் அனுபவத்தைப் பேசினார்கள்.

இதில் பொருள் நகர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். முதல் சாட்சிகள் சொன்னது தங்களுக்கு வெளியே, ஒரு ஊரில், ஒரு நாளில் நடந்ததை. இன்றைய சாட்சி பெரும்பாலும் தனக்குள் நடந்ததை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் நற்செய்தி போய் சுயசரிதை மட்டும் மிஞ்சும். ஆனாலும் இரண்டுக்கும் நடுவே பாலமாக ஒருவர் யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் நிற்கிறார். பிறவிக் குருடராக இருந்து பார்வை பெற்றவர். இயேசு பாவியா இல்லையா என்று யூத மதத் தலைவர்களான பரிசேயர் நெருக்கும்போது அவர் சொல்வது: "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." சாட்சி என்ற சொல்லுக்கு அகராதி எழுதச் சொன்னால் நான் இந்த வரியைத்தான் எழுதுவேன். தெரிந்ததைச் சொல்கிறார், தெரியாததைத் தெரியாது என்கிறார், பெற்றோரே பயந்து ஒதுங்கியபோதும் சொன்னதை மாற்றவில்லை.

நீதிமன்றமும் சாட்சியிடம் கேட்பது இதைத்தான். 2024 வரை நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 60ஆம் பிரிவு, வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்றது. பார்த்தது என்றால் பார்த்தவர் வந்து சொல்ல வேண்டும், கேட்டது என்றால் கேட்டவர். வாதாடுவது வக்கீலின் வேலை, தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை. சாட்சி சொல்பவர் இந்த இரண்டு நாற்காலியிலும் உட்காரக் கூடாது. நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிற பலர் வக்கீலாகப் பேசத் தொடங்கி, எதிரே இருப்பவரின் சாமியைப் பழித்து, கடைசியில் நீதிபதியாகத் தண்டனையும் சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டு மனம் நொந்தவர்களை நம் தெருக்களில் எளிதாகப் பார்க்கலாம். அதற்குச் சாட்சி என்று பெயர் வைப்பது அந்தச் சொல்லுக்குச் செய்யும் அநியாயம். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லச் சொன்னவர் பேதுரு, அதுவும் காரணம் கேட்கிறவர்களுக்கு.

அக்கம்பக்கத்தில் இருக்கும் சொற்களையும் பிரித்து வைப்பது நல்லது. சுவிசேஷம் என்பது சு, விசேஷம் என்ற இரண்டும் சேர்ந்தது. "என்ன விசேஷம்?" என்று கேட்கிறோமே, அந்த விசேஷம். நல்ல சேதி, அதாவது நற்செய்தி. அது இயேசுவைப் பற்றிய அறிவிப்பு, எல்லார் வாயிலும் ஒன்றுதான். சாட்சி ஆளுக்கு ஆள் வேறு. பிரசங்கம், கத்தோலிக்க வழக்கில் மறையுரை, வேதப்பகுதியை விளக்குவது. விசுவாச அறிக்கை சபை முழுதும் சேர்ந்து சொல்வது. மதமாற்றம் என்பது கேட்டவர் எடுக்கும் முடிவு பற்றிய சொல், சாட்சி சொன்னவர் செய்யும் செயலின் பெயர் அல்ல. நம் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஒருவரை மதம் மாற்றும் உரிமையை அது தரவில்லை என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பிரிவு 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டபோது, தான் சுமார் 14 ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் இருந்ததாகவும் தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றும் டி. டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து சொன்னார். அதுவும் ஒரு சாட்சிதான்.

இனி தமிழ்ச் சொல். பழந்தமிழில் சாட்சிக்கு இருந்த பெயர் கரி. "இந்திரனே சாலும் கரி" என்ற குறள் பலருக்கும் நினைவிருக்கும். ஐம்புலனை அடக்கியவனின் ஆற்றலுக்கு இந்திரனே போதுமான சான்று என்பது பொருள். சிலப்பதிகாரத்தில் பூதசதுக்கத்துப் பூதம் புடைத்து உண்ணும் ஆட்களின் பட்டியலில் பொய்க்கரியாளரும் உண்டு. நல்ல சொல், ஆனால் இன்று கரி என்றால் அடுப்புக்கரிதான் முதலில் நினைவுக்கு வரும். பெரிய புராணத்தில் சுந்தரரை அடிமை என்று கூறி வந்த கிழவரிடம் சபையோர் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். அயலார் காட்சி என்பது சாட்சியேதான். சொல்லே தேவைப்படாத சாட்சியும் நம்மிடம் உண்டு. குறுந்தொகையில் கபிலரின் தலைவி, அவன் என்னைக் கூடிய நாளில் வேறு யாரும் இல்லை, மீனுக்குக் காத்து நின்ற ஒரு குருகு மட்டும் இருந்தது என்கிறாள். பார்த்தது அது ஒன்று, அதற்கோ பேச வாய் இல்லை.

வழக்கில் நிலைத்த தமிழ்ச் சொல் சான்று. சால் என்ற வேர், நிறைதல், அமைதல் என்று பொருள். மேலே பார்த்த குறளில் சாலும் என்று வருவதும் அதே வேர். சான்றோர், சான்றாண்மை எல்லாம் இந்தக் குடும்பம். கண்ணகி புகார் நகரத்துப் பெண்களின் பெருமையைச் சொல்லும்போது "வன்னி மரமும் மடைப்பளியும் சான்றாக" முன்னிறுத்திய ஒருத்தியைக் குறிப்பிடுகிறாள். திருப்புறம்பயத்துக் கதையின் பழைய நிழல் இது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில், ஞானஸ்நானம் கொடுத்த யோவான் பழைய மொழிபெயர்ப்பில் "சாட்சிகொடுக்க" வந்தான், திருவிவிலியத்தில் "சான்று பகர" வந்தார்.

செயலைச் சொல்ல, எழுத்திலும் வழிபாட்டிலும் சான்று பகர்தல் என்பதையே நான் பரிந்துரைப்பேன். ஆளைக் குறிக்க அது அவ்வளவு எளிதாக அமைவதில்லை. சான்று என்றவுடன் சான்றிதழும் சாதிச்சான்றும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. சான்றாளர் என்று சொல்லலாம். ஆனால் இயேசு சீடர்களிடம் சொன்ன "நீங்கள் எனக்குச் சாட்சிகளாயிருப்பீர்கள்" என்ற வாக்கியத்தின் சூடு அதில் இன்னும் ஏறவில்லை. திருவிவிலியமே அந்த இடத்தில் சாட்சிகள் என்ற சொல்லை விடவில்லை. ஆகவே செயலுக்குச் சான்று பகர்தல், ஆளுக்குச் சாட்சி என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. மறைசாட்சியை மறைச்சான்றாளர் என்று மாற்ற வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், பகர்தலும் பகிர்தலும். பகர் என்றால் சொல், பகிர் என்றால் பங்கிடு. "சாட்சி பகிர்ந்துகொள்கிறேன்" என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். தன் அனுபவத்தில் மற்றவருக்கும் பங்கு தருகிறேன் என்று நினைத்து எழுதினால் அதுவும் சரிதான். ஆனால் யோவான் நற்செய்தியை மேற்கோள் காட்டும்போது "சான்று பகிர வந்தார்" என்று அச்சிடுவது பிழை, அங்கே இருப்பது பகர். பேச்சில் இந்தக் குழப்பமே வேண்டாம். சாட்சி சொன்னார் என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்துவிட்டு ஊராரிடம் போய்ச் சொன்ன சமாரியப் பெண்ணைப் பற்றிப் பழைய மொழிபெயர்ப்பும் "சாட்சி சொன்ன" என்றுதான் எழுதுகிறது. அவள் பேச்சைக் கேட்டு வந்த ஊரார் இரண்டு நாள் இயேசுவோடு இருந்துவிட்டு, இனி உன் சொல்லுக்காக அல்ல, நாங்களே கேட்டு நம்புகிறோம் என்று அவளிடம் சொன்னார்கள்.