உதவ வந்தவரையும் விடாத நஞ்சு

1995 மார்ச் 20, திங்கட்கிழமை காலை. சுரங்க ரயில் நிலையத்தில் வெடிவிபத்து என்றுதான் டோக்கியோவின் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு முதலில் தகவல் போனது. ஆனால் வந்து சேர்ந்தவர்களின் உடலில் தீக்காயமே இல்லை. கண் இருட்டுகிறது என்றார்கள். மூக்கிலும் வாயிலும் நீர் வடிந்தது. கண்மணிகள் ஊசிமுனையளவுக்குச் சுருங்கியிருந்தன. ரயில் பெட்டியில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான் இருப்பதாகத் தீயணைப்புத் துறை சொன்னது. நோயாளிகளின் நிலைமை அதனோடு பொருந்தவில்லை.

மாட்சுமோட்டோ நகரில் ஷின்ஷூ பல்கலைக்கழக மருத்துவமனையின் தலைவராக இருந்த நோபுவோ யானாகிசாவா தொலைக்காட்சியில் இதைப் பார்த்தார். ஒன்பது மாதங்களுக்கு முன், 1994 ஜூன் 27 இரவில், அவருடைய ஊரில் யாரோ சாரின் நஞ்சைக் காற்றில் விட்டதில் ஏழு பேர் இறந்திருந்தார்கள். அந்த நோயாளிகளின் கண்களை அவர் மறக்கவில்லை. உடனே டோக்கியோ மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் சொன்னார்: இது சாரின் போலிருக்கிறது, சிகிச்சை இப்படி.

கண்மணி ஏன் சுருங்குகிறது என்று புரிந்தால் சாரினின் வேலை முழுதும் புரிந்துவிடும். நரம்பு ஒரு தசைக்கு உத்தரவு கொடுக்கும்போது அதன் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் கசிகிறது. தசை சுருங்குகிறது. வேலை முடிந்ததும் அந்த வேதிப்பொருளை அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி உடைத்துப்போடுகிறது. இந்த நொதியின் ஒரே மூலக்கூறு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளைத் துண்டாக்கும். அந்த வேகம் இருப்பதால்தான் நாம் இமைக்கவும் விரல் மடக்கவும் உடனே நீட்டவும் முடிகிறது.

சாரின் இந்த நொதியின் வெட்டும் இடத்திலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. அழைப்பு மணியின் பொத்தான் அமுங்கியபடியே மாட்டிக்கொண்டதுபோல, உத்தரவு ஓயாமல் ஒலிக்கிறது. கண்மணி சுருங்கியபடியே நிற்கிறது. எச்சிலும் கண்ணீரும் நிற்பதில்லை. நுரையீரலின் குழாய்களில் நீர் சேர்கிறது. தசைகள் முதலில் துடிக்கின்றன, பிறகு களைத்துத் துவள்கின்றன. மூச்சை இழுக்கும் உதரவிதானமும் ஒரு தசைதான். மரணம் அங்கே வருகிறது.

இதற்கு மருந்து உண்டு. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ அரசு மருத்துவமனையில் பணிபுரிந்த எந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும் அது புதிதல்ல. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வருகிறவர்களின் உடலில் நடப்பதும் இதே முடக்கம்தான். அட்ரோபின் ஊசி, அசிட்டைல்கோலின் போய் உட்காரும் இடங்களில் ஒரு பகுதியை அடைத்து, நுரையீரல் நிரம்புவதைக் கட்டுப்படுத்துகிறது. ஊமத்தையில் உள்ள நஞ்சும் இந்த வகைதான். ஒரு நஞ்சு இன்னொன்றுக்கு மாற்றாகிறது. பிராலிடாக்சிம் என்ற இரண்டாவது மருந்து, நொதியில் ஒட்டிய சாரினைப் பெயர்த்தெடுக்கிறது. ஆனால் சில மணி நேரம் போய்விட்டால் அந்த ஒட்டு இறுகிவிடும், பிறகு பெயராது. பூச்சிமருந்து நோயாளிகளுக்காக வைத்திருந்த இந்த மருந்துதான் அன்று டோக்கியோவில் பலரைக் காப்பாற்றியது. இருப்பு தீரத் தீர வெளியூர்களிலிருந்து புல்லட் ரயிலில் வரவழைத்தார்கள்.

சாரின் பிறந்ததும் பூச்சிமருந்து ஆய்வில்தான். ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பயிர்ப்பூச்சிகளைக் கொல்ல வழி தேடியபோது 1936-இல் டாபுன் என்ற இன்னொரு நரம்பு நஞ்சும் 1938-இல் சாரினும் கிடைத்தன. இரண்டும் ராணுவத்தின் கைக்குப் போயின. அதற்கும் முன்பே, 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரில் ஜெர்மன் படை குளோரினைத் திறந்துவிட்டிருந்தது. அதை நேரில் நின்று நடத்தியவர் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர். காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்து உலகின் வயல்களுக்கு உரம் கிடைக்க வழி செய்தவரும் அவரே. குண்டில் செத்தால் என்ன, வாயுவில் செத்தால் என்ன, சாவு சாவுதானே என்பது அவர் பக்க வாதம்.

அரசுகள் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வேதி ஆயுதங்களைப் போரில் பயன்படுத்துவதை 1925 ஜெனீவா நெறிமுறை தடைசெய்தது; தயாரிப்பதையும் வைத்திருப்பதையும் சேர்த்துத் தடைசெய்த உடன்படிக்கை 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில், 1988 மார்ச்சில் குர்து மக்களின் ஹலப்ஜா நகரில் சதாம் உசேனின் படை ஏறக்குறைய 5,000 பேரைக் கொன்றது. அரசல்லாதவர்களின் கைக்கும் இந்த ஆயுதம் போனது. 1990 ஜூனில் மட்டக்களப்பின் கிரான் ராணுவ முகாமைத் தாக்கியபோது விடுதலைப் புலிகள் குளோரின் வாயுவைப் பயன்படுத்தியதாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம்மவர்கள் என்பதற்காக இந்த வரியை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது என்று நினைக்கிறேன்.

ஹேபரின் வாதத்துக்கு என் பதில் டோக்கியோவிலேயே இருக்கிறது. சியோடா வழித்தட ரயிலின் பெட்டியில் கிடந்த சாரின் பொட்டலத்தைக் கசுமிகசெகி நிலையத்தில் அப்புறப்படுத்திய இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். பயணிகளுக்கு ஆபத்து வரக்கூடாதென்று கையில் எடுத்ததற்குக் கிடைத்த பலன் அது. அன்று செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு 640 நோயாளிகள் வந்தார்கள். பேரிடரை எண்ணி அங்கே வழிபாட்டுக் கூடத்தின் சுவர்களில்கூட ஆக்சிஜன் குழாய் வைத்துக் கட்டியிருந்தார்கள். எத்தனை பெரிய தொலைநோக்கு! ஆனால் நோயாளிகளின் உடையிலிருந்து ஆவியான சாரின் காற்றோட்டம் குறைந்த அதே கூடத்தில் தங்கியது. மருத்துவமனை ஊழியர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு அறிகுறிகள் வந்தன. விழுந்தவரைத் தூக்கப் போகிற கையைத் தேடிப் பிடித்துத் தாக்கும் ஆயுதத்தை மற்ற ஆயுதங்களோடு சேர்த்து எண்ண முடியாது. அருகில் போகாதே, தொடாதே என்று மனிதருக்கு மனிதர் சொல்லவேண்டிய நிலைமையை அது உண்டாக்குகிறது.

இதைச் செய்தது ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழு. தலைவர் ஷோகோ அசஹாரா. சாரினைத் தயாரித்த மசாமி ட்சுச்சியா பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் பயின்றவர். ரயில்களில் நஞ்சை விட்ட ஐவரில் மூவர் இயற்பியல் படித்தவர்கள். படிப்பில்லாத முரடர்களின் வேலை இது என்ற எண்ணம் வசதியானது, ஆனால் உண்மையல்ல.

ஐவரில் ஒருவரான இகுவோ ஹயாஷி இதய அறுவை மருத்துவர். சாரின் உடலில் என்ன செய்யும், எதைக் கொடுத்தால் பிழைக்கலாம் என்று ரயில் பெட்டியிலிருந்த எவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். தன் கூட்டாளிகளுக்கு அட்ரோபின் ஊசிகளைத் தயார்செய்து கொடுத்தவர் அவர்தான். பயணிகளைச் சாகடிக்கப் போகும் பொருளின் மாற்று மருந்து, கொல்லப் போகிறவர்களுக்கு மட்டும்! அதே காலையில் யானாகிசாவாவும் அதே அறிவைத்தான் வைத்திருந்தார். விஞ்ஞானம் கத்தி மாதிரி, எடுப்பவர் கையைப் பொறுத்தது என்று சொல்லிக் கடந்துபோவது போதாது. ஹயாஷிக்குப் பாடம் நடத்திய எந்த வகுப்பிலும் குருவின் கட்டளையை மறுக்கும் துணிவு பாடமாக இருந்திருக்காது.

அரசுத் தரப்பிலும் பெரிய ஓட்டை இருந்தது. மாட்சுமோட்டோவிலும் நஞ்சை விட்டது இதே குழுதான். ஆனால் காவல்துறை குழுவை விட்டுவிட்டு, வீட்டில் வேதிப்பொருட்கள் வைத்திருந்த உள்ளூர்வாசி ஒருவரைச் சந்தேகித்தது. ஊடகங்கள் அவரைக் குற்றவாளியாகவே எழுதின. அவருடைய மனைவியே அந்த நஞ்சால் நினைவிழந்து கிடந்தார்; 2008-இல் இறந்தார். அந்தச் சந்தேகம் வேறு திசையில் போயிருந்தால் டோக்கியோ தாக்குதல் நடந்தேயிருக்காமல் போயிருக்கலாம். சாரின் தயாரிப்பதையே குறிப்பாகக் குற்றமாக்கும் சட்டம் ஜப்பானில் 1995 ஏப்ரலில்தான் வந்தது.

அசஹாராவும் ட்சுச்சியாவும் உட்பட 13 பேர் 2018 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஹயாஷிக்கு ஆயுள் தண்டனை. டோக்கியோ தாக்குதலில் இறந்தவர்களின் எண்ணிக்கை நெடுங்காலம் 13 என்றே எழுதப்பட்டது. மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் இருபத்தைந்து ஆண்டுகள் படுக்கையில் இருந்த ஒரு பெண் 2020 மார்ச்சில் இறந்தபின் அது 14 ஆனது.