செப்டம்பர் 30-க்குள் ஆலைகள் கொடுக்க வேண்டிய கணக்கு

மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஆலைகளைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தால் எந்த ஆலையின் வாடை வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அம்மாக்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அந்த ஆலை ஒரு டன் சரக்கு செய்ய எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது, எவ்வளவு கழிவை வெளியே விடுகிறது என்று ஆண்டுதோறும் அரசுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்ற விதி இருப்பது மட்டும் பலருக்குத் தெரியாது. படிவம் 5 என்று சொல்லப்படும் சுற்றுச்சூழல் அறிக்கைதான் அது. மணலி ஆலை ஒன்றின் சுற்றுச்சூழல் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் பல ஆண்டுகள் அதை நான் நிரப்பியிருக்கிறேன்.

1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் 14-வது விதியாக இது 1992-இல் சேர்க்கப்பட்டது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுச் சட்டத்தின்படியோ 1981-ஆம் ஆண்டு காற்று மாசுச் சட்டத்தின்படியோ இசைவாணை, அதாவது மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வாங்கவேண்டிய ஆலைகளும், அபாயகரமான கழிவுக்கு அனுமதி பெறவேண்டிய ஆலைகளும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும். மாசு மிகக் குறைவு என்பதால் இசைவாணை தேவைப்படாத 'வெள்ளை வகை'த் தொழில்களுக்கு இது பொருந்தாது. மார்ச் 31-இல் முடியும் நிதியாண்டின் கணக்கை, அடுத்து வரும் செப்டம்பர் 30-க்குள் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் சேர்க்க வேண்டும்.

அறிக்கையில் 'அ' முதல் 'ஐ' வரை எழுத்திட்டது போல் ஒன்பது பகுதிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கனம் கிடையாது. முதல் பகுதி ஆலையின் பெயர், முகவரி, உற்பத்தித் திறன். அதைப் புரட்டிவிட்டு மேலே போகலாம். கண் நிற்கவேண்டிய இடம் இரண்டாவதும் மூன்றாவதும். இரண்டாவது பகுதியில் தண்ணீரும் மூலப்பொருளும், மூன்றாவதில் வெளியே போகும் மாசு. இந்த இரண்டிலும் உற்பத்தியாகும் ஓர் அலகுக்கு, அதாவது ஒரு டன்னுக்கு எவ்வளவு என்று கேட்கப்படுகிறது. தண்ணீருக்கும் மூலப்பொருளுக்கும் முந்தைய ஆண்டின் எண்ணும் இந்த ஆண்டின் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குப் பார்ப்போம். கழிவுநீரில் இருக்கும் மாசை வேதிமுறையில் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று காட்டும் சி.ஓ.டி. என்ற சோதனை ஒன்று உண்டு. எண் ஏற ஏற மாசும் அதிகம். நீர்நிலையில் விடும் கழிவுநீருக்குப் பொது வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். ஓர் ஆலையிலிருந்து நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் 500 மில்லிகிராம் அளவில் வருவதாக வைத்துக்கொள்வோம். மொத்தச் சுமை 50 கிலோ. இதில் இன்னொரு லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கலந்துவிட்டால் அளவு 250-க்கு இறங்கிவிடும், வரம்புக்குள் வந்துவிடும். கொசஸ்தலை ஆற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போய்ச் சேர்வது அதே 50 கிலோதான். செறிவை மட்டும் பார்க்கும் ஆய்வில் இது பிடிபடாது. ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு என்று பார்த்தால் மாசும் குறைந்திருக்காது, தண்ணீர்ச் செலவும் ஏறியிருக்கும். இரண்டும் ஒரே தாளில் காட்டிக்கொடுக்கும்.

அந்த டன் கணக்கைக் குறைக்கும் வழி பெரும்பாலும் ஆலைக்குள்ளேயே, கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். நான் இருந்த ஆலையில் காரக் கரைசலைத் தள்ளும் பம்ப் ஒன்றின் கிளாண்ட் பேக்கிங், அதாவது சுழலும் தண்டைச் சுற்றி ஒழுகாமல் அடைக்கும் திணிப்பு, தேய்ந்து ஒழுகிக்கொண்டே இருந்தது. கீழே பாதியாக அறுத்த பீப்பாய் ஒன்றை வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் மாறும்போது அதைக் கழிவுநீர்க் கால்வாயில் கவிழ்ப்பார்கள். ஒருநாள் அளவுக் குவளையைப் பிடித்து நிமிடக் கணக்கு எடுத்தேன்: 100 மில்லிலிட்டர். நாளுக்கு 144 லிட்டர். ஆண்டுக்கு 52,560 லிட்டர். அந்தக் கரைசலை நடுநிலையாக்க அமிலம் ஊற்றினோம். அதில் விழுந்த கசடை அள்ளி, மூட்டை கட்டி, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவு நிரப்பிடத்துக்கு லாரியில் அனுப்பினோம். காசு கொடுத்து வாங்கிய சரக்குக்கு அமிலச் செலவு, பிறகு லாரிக் கூலி, பிறகு புதைக்கும் கட்டணம். புதிய பேக்கிங் போட அரை ஷிஃப்ட் ஆனது. அதற்கு அனுமதி வாங்க எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் எல்லாம் தீர்ந்தது என்று நம்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: தண்ணீரில் இருந்ததைக் கசடாக மாற்றி வேறோர் ஊருக்கு அனுப்புகிறோம். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளும் கழிவு உண்டாகாமல் தடுப்பதைத்தான் முதல் படியாக வைக்கின்றன. குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி எல்லாம் அடுத்தடுத்து. பாதுகாப்பாக அகற்றுவது கடைசிப் படி.

நான்கு முதல் ஆறு வரையான பகுதிகள் அபாயகரமான கழிவு, திடக்கழிவு, அவற்றை எங்கே கொண்டுபோனார்கள் என்பவை பற்றியவை. ஏழாவது பகுதி, எடுத்த நடவடிக்கைகளால் இயற்கை வளம் எவ்வளவு மிச்சமானது, உற்பத்திச் செலவு எப்படி மாறியது என்று கேட்கிறது. எட்டாவது, இனிமேல் செய்யப்போவதையும் அதற்கான முதலீட்டையும் கேட்கிறது. ஆண்டுக்கு ஆண்டு இதே வாசகத்தைத் திருப்பி எழுதுகிற ஆலை எதையும் செய்யவில்லை என்று தயங்காமல் முடிவு கட்டலாம்.

2009-இல் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழில் பகுதிகளுக்கு மாசின் கடுமையை வைத்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டபோது மணலி 76.32 பெற்று, கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றது. அப்படிப்பட்ட ஊரில் வாழும் நமக்கு இந்த அறிக்கையைக் கேட்கும் உரிமை இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. மனு தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் கவலைப்படாதீர்கள். உரிய இடத்துக்கு 5 நாளுக்குள் அனுப்பிவைப்பது அவர்கள் பொறுப்பு. பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

மனுவில் "மாசு பற்றிய விவரம் வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதிலே வரும். ஆலையின் பெயரைக் குறிப்பிட்டு, கடந்த மூன்று நிதியாண்டுகளின் படிவம் 5 நகல்களையும், ஒவ்வொன்றும் வாரியத்துக்கு வந்துசேர்ந்த தேதியையும் கேளுங்கள். வணிக ரகசியம் என்று சில வரிகளை மறைக்கலாம். அதைச் சாக்கிட்டு முழு அறிக்கையையும் மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 10-வது பிரிவு சொல்கிறது.

நகல் மட்டுமல்லாமல் கோப்பை நேரில் பார்வையிடவும் கேட்கலாம். போகும்போது தனியாகப் போகாதீர்கள். ஓய்வுபெற்ற ஃபிட்டர்களும் ஆபரேட்டர்களும் நம் தெருக்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். தண்ணீர்க் கணக்கைப் பார்த்ததுமே, இது மீட்டரில் எடுத்த எண்ணா, மேஜையில் உட்கார்ந்து எழுதிய எண்ணா என்று அவர் சொல்லிவிடுவார்.