வருமா, வராதா: கதைமாந்தரைத் தூங்கவிடாத பயம்

ஐப்பசி தாண்டினால் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் வந்துவிடும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி கதிர் பிடித்து நிற்கும் காலம் அது. கொல்லையில் பரண் கட்டி, டார்ச்சும் பட்டாசுமாக ராத்திரிக் காவல் இருப்பார்கள். கூட்டம் பக்கத்துக் காட்டில்தான் நிற்கிறது என்று வனத்துறை எச்சரித்துவிட்டால், கொல்லைப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம். தள்ளியிருக்கும் சானமாவுக் காட்டுப் பக்கம் போய்விட்டது என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டும் தெரியாத ராத்திரிதான் ஆளைத் தின்றுவிடும். வேலியோரம் ஏதோ முறிகிறது. பன்றியா, காற்றா, ஒத்தை யானையா?

இப்படிப்பட்ட தவிப்பை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில் அளந்து, 2016-இல் வெளியிட்டார்கள். 45 பேர் கணினித் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். திரையில் ஒரு பாறை தெரியும். அதன் அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுரீரென்று மின்னதிர்ச்சி. எந்தப் பாறைக்கு அடியில் பாம்பு அதிகம் என்ற கணக்கு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் மாறிக்கொண்டே இருக்கும். கண்மணி எவ்வளவு விரிகிறது, எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது உடம்பு ஓரளவு அடங்கியே இருந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற நிலையில்தான் பதற்றம் உச்சத்துக்குப் போனது.

மூளை ஓயாமல் அடுத்த நொடியை ஊகித்துக்கொண்டே இருப்பதுதான் இதற்குக் காரணம். அடி நிச்சயம் என்றால் தாங்கிக்கொள்ளத் தயாராகும். இல்லை என்றால் ஓய்வெடுக்கும். சரிபாதியில் ஊகம் எந்தப் பக்கமும் சாயாததால் ஓயவும் முடிவதில்லை. இதில் பயனும் உண்டு: யாருடைய பதற்றம் நிச்சயமின்மையின் அளவுக்கு ஏற்ப ஏறி இறங்கியதோ, அவர்களே பாம்பைச் சரியாக ஊகித்தார்கள். பயம் என்றதும் மூளையில் அமிக்டலா என்ற பகுதியைக் கைகாட்டுவது வழக்கம். உடனடி ஆபத்துக்கு அமிக்டலா, எப்போது வரும் என்று தெரியாத ஆபத்துக்கு வேறொரு பகுதி என்று பாகப்பிரிவினையும் செய்திருக்கிறார்கள். அது கொஞ்சம் அளவுக்கு மீறிய நேர்த்தி என்று எனக்குப் படுகிறது. இரண்டும் சேர்ந்தே இயங்குவதாகக் காட்டும் ஆய்வுகளும் இருக்கின்றன.

அச்சத்துக்கு ஒரு பொருள் உண்டு, பதைப்புக்கு அது கிடையாது என்று டென்மார்க் தத்துவவாதி கீர்க்கெகார்ட் 1844-இலேயே எழுதிவிட்டார். ஆனால் இந்தப் பதைப்பைக் கதையின் இயந்திரமாகவே ஆக்கிக் காட்டியவர் ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி. 1866-இல் வந்த ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் கொலை செய்தவன் ரஸ்கோல்னிகோவ். விசாரணை அதிகாரி போர்ஃபிரிக்குச் சந்தேகம் உண்டு, சாட்சியம் இல்லை. அவனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே தன் உத்தியைச் சொல்கிறார்: ஆளைச் சீக்கிரம் பிடித்து உள்ளே போட்டால் அவன் மனசுக்கு ஒரு பிடிமானம் கிடைத்துவிடும், அமைதியாகிவிடுவான், வெளியிலேயே விட்டுவைத்தால் விளக்கைச் சுற்றும் விட்டில்போலத் தானே வந்து விழுவான். சோதனைக்கூடம் 150 வருஷம் கழித்து அளந்ததை அந்தக் குள்ளநரி தொழிலில் கற்றிருக்கிறது.

தானே வந்து விழுவது எப்படி என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்டது. பாதத்தில் மின்னதிர்ச்சி; லேசானது வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும், பலமானது உடனே கிடைக்கும். சிலர் பலமானதையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். காத்திருப்பதே அவர்களுக்கு அதிர்ச்சியைவிடப் பெரிய தண்டனை. குற்ற உணர்வையும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லும் சோனியாவையும் விட்டுவிட்டு ரஸ்கோல்னிகோவின் வாக்குமூலத்தை விளக்க முடியாதுதான். ஆனால் அவன் போலீஸ் நிலையப் படியேறும்போது இந்த அவசரமும் கூடவே ஏறுகிறது.

காஃப்கா இறந்த மறு வருஷம், 1925-இல், அச்சான அவருடைய ‘விசாரணை’ நாவல் இன்னும் கொடூரம். யோசஃப் க. கைதாகிறான், என்ன குற்றம் என்று கடைசிவரை சொல்லப்படுவதே இல்லை. கைதுக்குப் பிறகும் வழக்கம்போல் வங்கி வேலைக்குப் போகலாம்! நீதிமன்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறது. அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே அவனே கிளம்பிப் போகிறான். விட்டிலுக்கு இங்கே விளக்குக்கூடக் கிடையாது.

நம் பக்கத்தில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. கதை எழுதுகிறவர் வீட்டுக்குப் பிச்சை கேட்டு வந்த பெண் வேலைக்காரியாகத் தங்கிவிடுகிறாள். நடுராத்திரியில் காரணம் தெரியாத வாடை வேறு. பேயை நம்பாத படிப்பும் மூக்கில் ஏறும் நாற்றமும் அவருக்குள் சரிக்குச் சரி நிற்கின்றன. நம்பியிருந்தால் மந்திரவாதியைக் கூப்பிட்டிருப்பார், நம்பாவிட்டால் தூங்கியிருப்பார். எதுவும் முடியாமல் விழித்துக் காவல் இருக்கிறார். அவள் யார் என்று புதுமைப்பித்தன் வாசகருக்கும் தீர்த்துச் சொல்லவில்லை. பேய்தான் என்றோ பிரமைதான் என்றோ முடித்திருந்தால் நாமும் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போயிருப்போம்.