வண்டி நின்றால் முதலில் நகர வேண்டியது நீங்கள்

திருச்சியில் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். வழியில் வண்டி நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். இப்போது அதை இரண்டாவதாகத்தான் சொல்கிறேன்.

போன ஐப்பசியில், 1970களைச் சேர்ந்த என் யெஸ்டி மோட்டார் சைக்கிளில் மதுரைக்குப் புறப்பட்டேன். புறப்படும் முன்புதான் கடையில் வாங்கிய புதுக் கன்டென்சரை, அதாவது பிளக்கில் தீப்பொறி சரியாக வர உதவும் சின்ன மின்பாகத்தை, பொருத்தியிருந்தேன். விராலிமலை தாண்டியதும் எஞ்சின் அடைத்து நின்றது. பத்து நிமிடம் ஆறவிட்டேன், ஓடியது. சூட்டில் நின்று, ஆறினால் ஓடும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கன்டென்சரைத்தான். தெரிந்தும், துவரங்குறிச்சி வரை போய்விடலாம் என்று கிளம்பியது என் தவறு. பாதி வழியில், இருட்டும் நேரத்தில், ஒரேயடியாக நின்றுவிட்டது.

சாலையோர வெள்ளைக் கோட்டை ஒட்டி வண்டியை நிறுத்தி, சாலைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டின் மூடியைக் கழற்றினேன். பாயிண்ட் முனை எரிந்து கருத்திருந்தது. ஆறு வோல்ட் பேட்டரியில் பின் விளக்கு மினுக்கென்றுதான் எரிந்தது. பின்னால் வரும் பஸ் ஓட்டுநருக்கு நான் ஒரு நிழல்கூட இல்லை.

ஒரு லாரி கடந்து போய், ஓரங்கட்டி, நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தார்.

“அண்ணே, வண்டி கிடக்கட்டும். முதலில் நீங்கள் கீழே இறங்குங்கள்.”

என் கையைப் பிடித்து மண் பாதைக்கு இழுத்தார். இருவருமாக வண்டியையும் இறக்கினோம். பின்பக்கம் வெகுதூரம் நடந்து, வேலிக்கருவை ஒன்றை ஒடித்துப் போட்டு, அது காற்றில் பறக்காமல் நான்கு கற்களை வைத்துவிட்டு வந்தார். மொபெட்டில் வந்த ஒருவரை நிறுத்தி, துவரங்குறிச்சியில் ஆட்டோ மெக்கானிக் யாரையாவது அனுப்பச் சொன்னார். போனவர் யாரோ, வந்தவர் யாரோ. முக்கால் மணி நேரத்தில் ஓர் இளைஞர், பழைய ஆட்டோவிலிருந்து கழற்றிய கன்டென்சரோடு வந்துவிட்டார். பாயிண்டை எமரித்தாளால் தேய்த்து, கன்டென்சரை வெளியே ஒயரில் இணைத்து, அதன் உலோக உடலை வண்டியின் எர்த்தோடு சேர்த்துக் கட்டினோம். மூன்றாவது உதையில் வண்டி பிடித்தது.

நானும் அந்த இளைஞரும் எஞ்சின் சத்தத்தில் மெய்மறந்து நின்றோம். ஓட்டுநர் மட்டும் டார்ச் விளக்கோடு மறுபடியும் பின்னால் நடந்தார். கருவை முள்ளை இழுத்து எறிந்தார். கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பள்ளத்தில் போட்டார்.

“இதை விட்டுப் போனால் விடிவதற்குள் யாராவது ஒரு பையன் விழுவான், அண்ணே.”

எத்தனை முறை பார்த்திருக்கிறோம், வண்டி போன பிறகும் நடுச்சாலையில் கிடக்கும் கற்களை! அவற்றில் ஏறி விழுந்தவர்களின் வண்டிகளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குகள் வளைந்து என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. விழுந்தவரைப் பற்றிக் கேட்கும்போது சில வீடுகளிலிருந்து பதில் வருவதில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பின் மட்கார்டில் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். அதற்குப் பேட்டரி வேண்டாம். ஓடிப் பழகிய ஒரு கன்டென்சரும் டார்ச்சும் பையில் இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணை அழைக்கலாம். கிளம்பும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, ஒருமுறை பின்னால் நடந்து போய்க் கற்களை எடுத்துவிட்டு வாருங்கள்.