ஒடுக்கி இருக்க மின்தேக்கி எதற்கு?

"மாதம் ஒருமுறை மின்தேக்கியைத் தூரிகையால் சுத்தம் செய்யவும்." பழச்சாறுக் கடை ஒன்றில், ஐஸ் இயந்திரத்தோடு வந்த தமிழ்க் கையேட்டில் படித்தேன். கடைக்காரர் அதை நம்பி மூடியைக் கழற்றி, கம்ப்ரஸர் பக்கத்தில் இருந்த சிறு உருளையைத் துடைக்கப் போனார். உண்மையான மின்தேக்கி அதுதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் தங்கி, தொட்டவரை உதறவைக்கும். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

கையேடு சொல்ல வந்தது, பின்புறம் தகடு தகடாகத் தூசி அப்பிக் கிடந்த கண்டென்சரை, அதாவது சூடான வாயுவின் வெப்பத்தை வெளியேற்றி நீர்மமாக்கும் பாகத்தை. 'அடர்ந்த' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆவியை நீர்மமாக்கும் கலத்துக்கும் அதே பெயர். 1782இல் வோல்ட்டா மின்னூட்டம் சேர்க்கும் கருவிக்கு வைத்ததும் அதே பெயர். ஆங்கிலம் பின்னதை, அதாவது மின்தேக்கியை, கெப்பாசிட்டர் என்று பிரித்துவிட்டது. நம் ஃபேன் கடைகளில் அது இன்றும் கண்டென்சர்தான். மொழிபெயர்ப்பாளர் பொருளைப் பார்க்காமல் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்.

கண்டென்சரைக் 'குளிர்விப்பான்' என்பாரும் உண்டு. அதுவும் தவறு. ஐஸ் இயந்திரத்தில் குளிர்விப்பது வேறு பாகம். இது சூட்டை வெளியே தள்ளும் பாகம், தொட்டால் சுடும். 'ஆவிசுருக்கி' பரவாயில்லை, ஆனால் வாயுவை அமுக்கிச் சுருக்குவது கம்ப்ரஸரும்தானே? இலங்கைப் பாடநூல்களின் 'ஒடுக்கி'யே எனக்குப் பிடித்தது. குளிரில் உடல் ஒடுங்குவதுபோல, வெப்பத்தை இழந்த ஆவி நீர்மமாக ஒடுங்குகிறது. ஒடுக்குமுறை நினைவுக்கு வருகிறது என்பது அந்தச் சொல்லை ஒதுக்கக் காரணமே அல்ல.

அதே கையேட்டின் 'சுற்றுச்சூழல் வெப்பநிலை' இன்னொரு கொடுமை. காடும் கடலும் சேர்ந்தது சுற்றுச்சூழல். இங்கே வேண்டியது ஒடுக்கியைச் சுற்றி நிற்கும் காற்றின் சூடு, அதாவது சுற்றுப்புற வெப்பநிலை. ஒடுக்கி அந்தக் காற்றைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பம் வெளியேறும். காற்று சூடேறினால் வாயுவின் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் திணறும், ஐஸ் குறையும். விளம்பரத்தில் போடும் ஐஸ் எடை பெரும்பாலும் 21 டிகிரி காற்றுக்கும் 10 டிகிரி தண்ணீருக்கும் கணக்கிட்டது. அந்தக் கடையிலோ இயந்திரம் சுவரோடு ஒட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது. தான் விட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கையேட்டின் ஓரத்தில் இப்படித் திருத்தி எழுதிக் கொடுத்தேன்: "மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒடுக்கித் தகடுகளில் படிந்த தூசியை மாதம் ஒருமுறை தூரிகையால் தட்டிவிடுங்கள். பின்பக்கம் காற்றோட்டத்துக்கு இடம் விடுங்கள்."