வெக்டர்னா திசையனா, காவியா?

பேனர் அடிக்கப் போனா கடைக்காரர் கேக்குற முதல் கேள்வியே "வெக்டர் ஃபைல் இருக்கா?"தான். நாம வாட்ஸ்அப்ல வந்த லோகோவ அனுப்புவோம், அவர் அத பத்தடிக்கு இழுத்துக் காட்டுவார், ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டா நிக்கும். வெக்டர் ஃபைல்னா படத்த புள்ளிகளா இல்லாம கோடும் வளைவுமா கணக்கா வச்சிருக்கிறது, எவ்ளோ இழுத்தாலும் உடையாது.

வெக்டர் லத்தீன் சொல்லு, சுமந்துட்டுப் போறவன்னு அர்த்தம். டெங்கு பரப்புற கொசுவையும் வெக்டர்னு சொல்றது அதனாலதான். 1840-கள்ல அயர்லாந்து கணித மேதை ஹாமில்டன் இத கணக்குக்குள்ள கொண்டுவந்தார், ஒரு புள்ளிய இங்கேருந்து அங்க கொண்டு சேக்குறது வெக்டர்னு.

படம் வரையறதுலயும் அதே கதைதான். 1963-ல எம்ஐடியில இவான் சதர்லேண்ட் செஞ்ச ஸ்கெட்ச்பேட்ல லைட் பென்னால திரையிலேயே கோடு போடலாம், கம்ப்யூட்டர் அந்தக் கோட்ட வெறும் புள்ளிக் கூட்டமா பாக்காம, எந்த முனையிலேருந்து எந்த முனைக்குன்னு ஞாபகம் வச்சுக்கும். வளைவு போடுற கணக்கு வந்தது கார் கம்பெனிகள்லேருந்து. சித்ரோயன்ல டி காஸ்தெல்ஜோ 1959-லயே கண்டுபிடிச்சுட்டார், கம்பெனி அத ரகசியமா பூட்டி வச்சுடுச்சு, ரெனோவுல இருந்த பெசியே வெளியில சொன்னதால பேரு அவருக்குப் போயிடுச்சு (பாவம் மனுஷன்).

அந்தப் பெசியே வளைவுதான் 1984-ல அடோபியோட போஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்குள்ள (பக்கம் எப்படி இருக்கணும்னு பிரிண்டருக்குச் சொல்ற மொழி) வந்துச்சு, 1987-ல மேக் கம்ப்யூட்டருக்கு அவங்களோட வரையுற சாஃப்ட்வேர் இல்லஸ்ட்ரேட்டர். முதல் வெர்ஷன்ல ஸ்கேன் பண்ணின படத்த அடியில மங்கலா வச்சு, மேல பென் டூலால தடம் எடுக்கணும். வரையும்போது வெறும் கம்பிக் கோடுதான் தெரியும், நிறைவான படம் பாக்கணும்னா பிரிவியூவுக்குப் போகணும். அடுத்த வருஷம் ஃப்ரீஹேண்ட், 1989-ல கனடாவுலேருந்து கோரல்டிரா, நம்மூரு கல்யாணப் பத்திரிகைக் கடைங்கள்ல இன்னைக்கும் கோரல்தான்.

சரி, தமிழ்ல? தமிழ்நாட்டுல திசையன், இலங்கையில காவி. காவுறதுன்னா சுமக்கிறது, காவடியில இருக்கே அதே சொல்லு, லத்தீன் வேருக்கு அச்சு அசலா பொருந்துது, கொசுவுக்கும் அங்க நோய்க்காவின்னே சொல்வாங்க. எனக்குப் புடிச்சது காவிதான், ஆனா இங்க அந்தச் சொல்ல எடுத்தா பேச்சு வேற பக்கம் போயிடும். அதனால எழுதும்போது திசையன் வரைகலைன்னே எழுதுறேன். அதுவும் மோசமில்ல, பென் டூல்ல ஒரு புள்ளிய வச்சு இழுத்தா ரெண்டு பக்கமும் கைப்பிடி நீளுதுல்ல, அது எந்தத் திசையில எவ்ளோ நீளம்ங்கிறதுலதான் கோடு எப்படி வளையுதுங்கிறதே இருக்கு.