மண்ணில் அடங்கும், நுரையீரலில் அடங்காது

"மண்ணு பட்டா செத்துரும் சார், பயப்பட ஒண்ணுமில்ல." பாராகுவாட் களைக்கொல்லி தெளிக்கும் நண்பர் ஒருவர், கையுறை போடாததற்குச் சொன்ன காரணம். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. அவர் சொன்னது பாதி உண்மை.

பாராகுவாட் இரண்டு நேர்மின்சுமை கொண்ட கரிம அயனி. அதன் இரு வளையங்களும் தட்டையாகப் படுக்கக்கூடியவை. எலக்ட்ரானுக்கு ஏங்கும் குணம். எலக்ட்ரான் வளமுள்ள ஒன்று அருகே வந்தால், அப்பளத்தின் மேல் அப்பளம் வைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். ஒளி பட்டதும் எலக்ட்ரான் அங்கிருந்து இங்கே தாவும். இரண்டுக்கும் தனியே இல்லாத நிறம் தோன்றும். இதுதான் மின்சுமைப் பரிமாற்ற அணைவு. பாராகுவாட்டின் குளோரைடு உப்பு ஏறக்குறைய வெள்ளை. எலக்ட்ரான் வளமுள்ள அயோடைடுடன் சேர்ந்த உப்போ ஆரஞ்சுச் சிவப்பு. (பல கடைக் குப்பிகளில் தெரியும் நீலப்பச்சை வேறு கதை. குடிபானம் என்று யாரும் ஏமாறாதிருக்கச் சேர்த்த சாயம் அது.)

களிமண்ணின் அடுக்குகள் எதிர்மின்சுமை உள்ளவை. தட்டையான இந்த அயனி அவற்றினூடே நுழைந்து சிக்கிக்கொள்கிறது. நண்பர் சொன்ன 'சாவு' இதுதான்: அழிவதில்லை, சிறைப்படுகிறது.

உடம்புக்குள் அப்படிச் சிறைப்படுத்த எதுவும் இல்லை. நுரையீரல் செல்கள் இதைத் தங்களுக்கு வேண்டிய பாலிஅமீன் என்ற சத்துப்பொருள் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அங்கே அது ஓர் எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் வாங்க வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் செல்லைச் சிதைக்கும் சூப்பர்ஆக்சைடு பிறக்கிறது. மாற்றுமருந்து கிடையாது. இலங்கை 2008 முதல் படிப்படியாகத் தடை செய்ததும், கேரளம் 2011இல் தடை செய்ததும் காரணமில்லாமல் அல்ல.

எங்கள் சோதனையும் அதே எலக்ட்ரான் பசியை நம்பித்தான். சிறுநீரைக் காரமாக்கி, எலக்ட்ரான் கொடுக்கும் டைதயோனைட் என்ற உப்பைச் சேர்த்தால், பாராகுவாட் எலக்ட்ரானை வாங்கி நீலமாகும். அந்த நீலத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

தெரியாமல் வாயில் பட்டுவிட்டால் "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருக்காதீர்கள். ஓரிரு நாள் நன்றாக இருந்தபின் மூச்சு திணறியவர்கள் உண்டு. முல்தானி மட்டியும் பாராகுவாட்டைப் பிடித்துவைக்கும் ஒரு களிமண் என்று கேள்விப்பட்டு வீட்டிலேயே கரைத்துக் கொடுப்பதும் நேர விரயம். தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புண் இருந்தால் தெளிக்கவே போகாதீர்கள். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. மருத்துவமனைக்கு வரும்போது குப்பியையோ லேபிளையோ கையோடு எடுத்து வாருங்கள். வெறுமனே "புல்லு மருந்து" என்று சொன்னால் எந்தச் சோதனையில் தொடங்குவது என்று எங்களுக்குத் தெரியாது.